தப்பான ரீடிங்கை யார் சொல்றது?



முதல்ல ஒரு உண்மையைச் சொல்லுங்க. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல சிம்பிள் பெண்டுலம் செஞ்சப்போ, உங்களுக்கு நிஜமாவே 9.8 வந்ததா? இல்லை, விடையை முதல்ல எழுதிட்டு, பின்னாடியிருந்து கணக்குப் போட்டு டேபிளை ரொப்பினீங்களா? நான் ரெண்டாவது கட்சி. எங்க பேட்ச்ல அறுபது பேர்ல ஐம்பத்தொன்பது பேர் அந்தக் கட்சிதான். ஒருத்தன் மட்டும் 11.2-ன்னு ரெக்கார்டு நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போய் நின்னான். 'ரிப்பீட்' போட்டுத் திருப்பி அனுப்பினாங்க. மறுபடி செஞ்சான், மறுபடியும் 11-க்குப் பக்கத்துலதான் வந்தது. மூணாவது தடவை அவனும் எங்க கட்சியில சேர்ந்துட்டான்.

வருஷக் கடைசியில லேப் அட்டெண்டர் அண்ணன்தான் கண்டுபிடிச்சார். அந்த எக்ஸ்பெரிமென்டுக்குன்னு வெச்சிருந்த ஸ்டாப் வாட்ச் ஸ்லோவா ஓடியிருக்கு. ஒரு வருஷம் முழுக்க அது தெரியாமலே போச்சு. ஏன்னா எங்க எல்லார் நோட்டுலயும் ரீடிங் சூப்பர்!

இதுல யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனா இதே கதையில ஸ்டாப் வாட்சுக்குப் பதிலா ஒரு மாத்திரையை வெச்சுப் பாருங்க. அந்த மாத்திரையைக் கோடிக்கணக்கான பேர் சாப்பிடறாங்க. ரீடிங் எடுக்கறவர் அரசாங்க விஞ்ஞானி. 'ரிப்பீட்' போடறவர் அவரோட மேலதிகாரி. இப்போ அந்த 11.2 பையன் என்ன செய்யணும்? அவன் வேலைக்கு யார் கேரண்டி?

இந்த வாரம் அமெரிக்காவுக்குப் போவோம். இந்தக் கேள்விக்குச் சட்டத்துல பதில் எழுதிப் பார்த்த நாடு அது. எழுதி, கிழிச்சு, மறுபடி எழுதின நாடுன்னும் சொல்லலாம்.

வையாக்ஸ் என்று ஒரு மாத்திரை இருந்தது. மூட்டுவலிக்கு. மெர்க் என்ற பெரிய மருந்து கம்பெனியின் தயாரிப்பு. 1999 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுத்தது எஃப்.டி.ஏ. உணவு, மருந்து விஷயத்தில் அங்கே கடைசி வார்த்தை அவர்களுடையதுதான். வயிற்றைப் புண்ணாக்காத வலி மாத்திரை என்று டி.வி. முழுக்க விளம்பரம். 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்றது. 2003-ல் மட்டும் விற்பனை 250 கோடி டாலர்.

2000-லேயே ஒரு ஆய்வில் சின்னதாக ஒரு மணி அடித்தது. 8,000 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வையாக்ஸ், இன்னொரு பாதிக்கு நாப்ராக்ஸன் என்ற பழைய வலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வையாக்ஸ் பக்கம் மாரடைப்பு சுமார் நாலு மடங்கு. கம்பெனி சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? 'எங்க மாத்திரை இதயத்தைக் கெடுக்கலை, அந்த மாத்திரை இதயத்தைக் காப்பாத்துது. அதான் வித்தியாசம்!' நம்ம லேப் வைவாவுல கூட இப்படிச் சமாளிக்க தைரியம் வராது. ஆனால் அந்த நேரத்தில் அதைப் பொய் என்று நிரூபிக்கவும் யாரிடமும் போதுமான டேட்டா இல்லை.

அந்த டேட்டாவைத் தேடிப் போனவர் டாக்டர் டேவிட் கிரகாம். எஃப்.டி.ஏ-வில் மருந்துப் பாதுகாப்புப் பிரிவின் விஞ்ஞானி. அனுமதி கொடுத்து மார்க்கெட்டுக்கு வந்துவிட்ட மருந்துகள் ஆட்களை என்ன செய்கின்றன என்று கவனிப்பதுதான் அவர் வேலை. கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் பதிவான சுமார் 14 லட்சம் பேரின் விவரங்களை எடுத்து அலசினார். அதே குடும்பத்து மாத்திரையான செலெப்ரெக்ஸ் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், அதிக டோஸ் வையாக்ஸ் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான இதய பாதிப்பு மூன்று மடங்குக்கும் மேல். 'இந்த டோஸை யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது' என்று முடிவுரை எழுதினார்.

2004 ஆகஸ்ட். ஃபிரான்ஸில் ஒரு மாநாட்டில் இதைப் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் மேலதிகாரிகளிடமிருந்து ஒன்றன் பின் ஒன்றாக இ-மெயில். முடிவைக் கொஞ்சம் மென்மையாக எழுதச் சொல்லி நெருக்கினார்கள் என்று பிற்பாடு அவர் சாட்சி சொன்னார். கவனிங்க, ரீடிங் தப்புன்னு யாரும் சொல்லலை. அதிலிருந்து வர்ற வாக்கியம்தான் அவங்களுக்கு ரொம்ப உறுத்துச்சு.

ஒரு மாசம்தான் போயிருக்கும். செப்டம்பர் 30-ம் தேதி மெர்க் கம்பெனியே வையாக்ஸை உலகம் முழுக்க வாபஸ் வாங்கியது. அவர்களே நடத்திய வேறொரு ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது பளிச்சென்று தெரிந்துவிட்டது. (நம்ம நாட்டிலும் அந்த மருந்து ரோஃபெகாக்ஸிப் என்ற பெயரில் இருந்தது. 2004 டிசம்பரில் மத்திய அரசு தடை போட்டது.)

இங்கேயே 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனால் கிரகாம் சொன்னது சரியாகிவிட்டது என்பதுதான் பிரச்னையே! நவம்பர் 18-ம் தேதி அவர் அமெரிக்க செனட் கமிட்டி முன்னால் உட்கார்ந்தார். வையாக்ஸால் அமெரிக்காவில் கூடுதலாக 88,000 முதல் 1,39,000 பேர் வரை மாரடைப்புக்கோ திடீர் இதய மரணத்துக்கோ ஆளாகியிருக்கலாம், அதில் 30, 40 சதவிகிதம் பேர் இறந்திருக்கலாம் என்றார். ஐந்து வருடத்துக்கு வாராவாரம் இரண்டு முதல் நாலு பயணிகள் விமானம் விழுந்தால் எப்படியோ அப்படி என்று கணக்குச் சொன்னார். இன்னொரு வையாக்ஸ் வந்தால் அதைத் தடுக்கும் நிலையில் எஃப்.டி.ஏ. இல்லை என்றும் சொன்னார். சம்பளம் கொடுக்கிற ஆபீஸைப் பற்றி, கேமரா முன்னால்!

இதற்கு முன்பே அவர் ஒரு வேலை செய்திருந்தார். கவர்ன்மென்ட் அக்கவுன்டபிலிட்டி ப்ராஜெக்ட் என்று வாஷிங்டனில் ஒரு தொண்டு நிறுவனம். உள்ளிருந்து உண்மை சொல்கிறவர்களுக்கு, அதாவது விசில் ப்ளோயர்களுக்கு, வக்கீல் வைத்துக் கொடுக்கிறவர்கள். அங்கே போய் உதவி கேட்டார். அதன் பிறகு அந்த நிறுவனத்துக்குப் பெயர் சொல்லாத போன்கள் வந்தன. 'நாங்களும் எஃப்.டி.ஏ-வுக்குள்ள இருக்கிற விசில் ப்ளோயர்தான். அந்தக் கிரகாமை நம்பாதீங்க, ஆள் சரியில்லை.' தோண்டிப் பார்த்தால், பேசியது எஃப்.டி.ஏ. மேனேஜர்கள் தரப்பு என்று தெரிந்ததாக அந்த நிறுவனத்தின் வக்கீல் டாம் டெவைன் சொன்னார். ஹாஸ்டல் பாலிடிக்ஸ் தோத்துடும், இல்லையா?

அப்போ கிரகாம் வேலை போச்சா? போகலை. அதுதான் இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அதே எஃப்.டி.ஏ-வில் தொடர்ந்தார். 2010-ல் அவான்டியா என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் பற்றி, அங்கிருந்தபடியே இன்னொரு பெரிய ஆய்வை வெளியிட்டார். செனட்டர்களும் பத்திரிகைகளும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காரணம். பின்னால் ஒரு சட்டம் நின்றது இன்னொரு காரணம்.

சட்டம்னதும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இது சுவாரஸ்யமான மேட்டர்.

1902-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவு போட்டார். அரசு ஊழியர் யாரும் தன் துறைத் தலைவரைத் தாண்டி பார்லிமென்டிடம், அதாவது அங்கே காங்கிரஸிடம், எதையும் கேட்கவோ சொல்லவோ கூடாது. பத்து வருடம் கழித்து 1912-ல் காங்கிரஸ் கோபப்பட்டு ஒரு சட்டம் போட்டது. 'எங்க கிட்ட பேசற உரிமையை யாரும் பறிக்கக் கூடாது.' கிரகாம் நேராக செனட்டில் போய் உட்கார முடிந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது.

அடுத்தது 1978. அரசு ஊழியர்களைப் பற்றிய ஒரு பெரிய சீர்திருத்தச் சட்டம். உண்மை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று முதல்முறையாக அதில்தான் எழுதினார்கள். புகாரை விசாரிக்க ஸ்பெஷல் கவுன்சல் என்று ஒரு அதிகாரி, தீர்ப்புச் சொல்ல மெரிட் சிஸ்டம்ஸ் ப்ரொடெக்‌ஷன் போர்டு என்று ஒரு அமைப்பு. நடைமுறையில் பெரிசாக எதுவும் நடக்கவில்லை. அதனால் 1989-ல் விசில் ப்ளோயர் பாதுகாப்புச் சட்டம் என்றே தனியாக ஒன்று கொண்டுவந்து, ஸ்பெஷல் கவுன்சல் ஆபீஸைத் தனித்து நிற்க வைத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எதற்கெல்லாம்? சட்டமீறல், மோசமான நிர்வாகக் குளறுபடி, பெரிய அளவில் பண விரயம், அதிகார துஷ்பிரயோகம், மக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ குறிப்பிட்ட, கணிசமான ஆபத்து. இந்தக் கடைசி ஐட்டம்தான் விஞ்ஞானிகளின் வாசல்.

இதில் ஒரு அழகான வரி உண்டு. நீங்க சொன்னது கடைசியில் உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் இடத்தில் இருக்கும் விவரம் தெரிந்த ஒரு ஆள் அந்த ஆதாரங்களைப் பார்த்தால் அப்படி நம்புவாரா? நம்புவார் என்றால் போதும். ஏன் முக்கியம்னா, கிரகாமே எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. செனட்டில் அவர் இன்னும் ஐந்து மருந்துகளின் பெயரைச் சொல்லி, இவற்றையும் உற்றுப் பாருங்கள் என்றார். அதில் பெக்ஸ்ட்ரா 2005-ல் போனது, மெரிடியா 2010-ல் போனது. க்ரெஸ்டார் என்ற கொழுப்பு மாத்திரையோ இன்றும் உலகம் முழுக்க டாக்டர்கள் எழுதித் தருகிற மருந்து. அவான்டியா மேல் எஃப்.டி.ஏ. போட்ட கட்டுப்பாடுகளை, இன்னும் டேட்டா பார்த்த பிறகு 2013-ல் அதுவே தளர்த்தியது. நூற்றுக்கு நூறு சரியாக இருந்தால்தான் வாயைத் திறக்கலாம் என்றால் ஒரு விஞ்ஞானியும் திறக்க மாட்டார்.

ஆனா ஒண்ணு. கைடு சொன்ன மெத்தடு உங்களுக்குப் பிடிக்கலை என்பதெல்லாம் இதில் வராது. ரெண்டு விஞ்ஞானிகளுக்கு நடுவில் வரும் வெறும் கருத்து வேறுபாட்டைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் காட்ட வேண்டும்.

அடுத்து ட்விஸ்ட். சட்டம் வந்தது, கோர்ட் அதில் ஓட்டை போட்டது! இந்த வழக்குகளின் அப்பீல் பல வருடங்களுக்கு ஒரே ஒரு கோர்ட்டுக்குத்தான் போகும். 1999-ல் அந்த கோர்ட் சொன்னது: அரசு அதிகாரிகள் நல்லெண்ணத்தோடுதான் வேலை செய்வார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது தப்பு என்றால் மறுக்கவே முடியாத ஆதாரம் கொண்டு வா. மறுக்கவே முடியாத ஆதாரம் கையில் இருந்தால் அவன் ஏன் சார் கோர்ட்டுக்கு வர்றான்?

2001-ல் வந்தது இன்னும் மோசம். உன் அன்றாட வேலையின் ஒரு பகுதியாக நீ ஒன்றைச் சொன்னால், அதற்குப் பாதுகாப்பு கிடையாது. யோசிச்சுப் பாருங்க. ஆபத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற விஞ்ஞானி, அந்த ஆபத்தைத் தன் பாஸிடம் ரிப்போர்ட்டாகக் கொடுத்தால் பாதுகாப்பு இல்லை. கேன்டீன் காபி சரியில்லைன்னு அவர் எழுதினா ஒருவேளை கிடைச்சிருக்கும்!

இந்த ஓட்டைகளை அடைக்க 2012 நவம்பர் வரை ஆனது. அதிபர் ஒபாமா கையெழுத்துப் போட்ட திருத்தச் சட்டம், வேலையின் பகுதியாகச் சொன்னாலும் பாதுகாப்பு உண்டு என்றது. பாஸிடமே சொன்னாலும் உண்டு, முதலில் சொன்ன ஆளாக இல்லாவிட்டாலும் உண்டு. அதோடு விஞ்ஞானிகளுக்கென்றே ஒரு பிரிவு. ஆராய்ச்சியையோ, ஆய்வு முடிவையோ, தொழில்நுட்பத் தகவலையோ மேலே இருப்பவர்கள் தணிக்கை செய்தால், அந்தத் தணிக்கை சட்டமீறலுக்கோ மக்களுக்கு ஆபத்துக்கோ வழி செய்தால், அதை வெளியே சொல்கிறவருக்கும் பாதுகாப்பு. கிரகாமுக்கு வந்த இ-மெயில்களை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பிரிவைப் படித்தால் புரியும்.

நிரூபிக்கிற பாரமும் பாதிதான் உங்கள் தலையில். நீங்க உண்மையைச் சொன்னீங்க, அது அவங்களுக்குத் தெரியும், கொஞ்ச நாள்ல டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. இந்த மூன்றையும் காட்டினால் போதும். அப்புறம் பாரம் ஆபீஸ் பக்கம். அவர் வாயைத் திறக்காவிட்டாலும் இதே ஆர்டரைப் போட்டிருப்போம் என்று அவர்கள் தெளிவான ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

பேப்பரில் அருமை. நடப்பில்?

ஜோயல் க்ளெமென்ட் என்று ஒரு விஞ்ஞானி. அமெரிக்க இன்டீரியர் துறையில் உயர் பதவி. (அங்கே இன்டீரியர் என்றால் போலீஸ் இல்லை, நிலம், காடு, கனிமம்.) பருவநிலை மாற்றத்தால் அலாஸ்காவில் பூர்வகுடி மக்களின் கடலோர கிராமங்கள் கரைந்து போகின்றன என்று பேசிக்கொண்டிருந்தவர். 2017 ஜூனில் ஒரு நாள் ஆர்டர் வந்தது. எந்த ஆபீஸுக்கு என்றால், எண்ணெய், எரிவாயு கம்பெனிகள் கட்டுகிற ராயல்டி பணத்தை வசூலித்துக் கணக்கு வைக்கும் ஆபீஸுக்கு! நான் அக்கவுன்டன்ட் இல்லையே என்று அவர் வாஷிங்டன் போஸ்ட்டில் பெயர் போட்டே எழுதினார், ஸ்பெஷல் கவுன்சலிடம் புகார் கொடுத்தார். அக்டோபரில் ராஜினாமா. அந்தச் சமயத்தில் ஒரே வீச்சில் பல சீனியர்களை மாற்றியதைப் பற்றி 2018-ல் அந்தத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அறிக்கை கொடுத்தார். யாரை எதற்காக மாற்றினோம் என்று எழுதி வைக்கவே இல்லை, அதனால் சட்டம் மீறப்பட்டதா என்று சொல்ல முடியவில்லை. டேபிளை ரிவர்ஸ்ல ரொப்பறதைவிட இது பெட்டர் டெக்னிக். டேபிளே போடாம விட்டுடறது!

சரி, தீர்ப்புச் சொல்லும் போர்டுக்குப் போகலாமா? 2017 ஜனவரியிலிருந்து 2022 மார்ச் வரை அந்த போர்டில் தீர்ப்புச் சொல்லத் தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்களே இல்லை. அதில் கடைசி மூன்று வருடம் ஒரு உறுப்பினர்கூட இல்லை. 3,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் கிடப்பில் கிடந்தன. 2025 பிப்ரவரியில் ஸ்பெஷல் கவுன்சலாக இருந்த ஹாம்ப்டன் டெல்லிங்கரையே அதிபர் நீக்கினார். அவர் கோர்ட்டுக்குப் போய், மார்ச்சில் வழக்கைக் கைவிட்டார். சட்டத்தில் ஒரு கமாவைக்கூட யாரும் தொடவில்லை. அதைக் கையில் எடுக்கிற ஆளை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

உங்களில் சிலர் நாளைக்கு சி.எஸ்.ஐ.ஆர். லேபிலோ, நெடுஞ்சாலைத் துறையிலோ, மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸிலோ உட்காரப் போறீங்க. அதனால் நம்ம நாட்டைப் பற்றியும் கொஞ்சம். இந்தியாவில் 2014-ல் பார்லிமென்ட் ஒரு விசில் ப்ளோயர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது, ஜனாதிபதியும் கையெழுத்துப் போட்டார். பத்து வருடம் கழித்து 2024-லும் அது அமலுக்கு வரவில்லை. கையில் இருந்தது 2004-ல் மத்திய அரசு போட்ட ஒரு தீர்மானம் மட்டும்தான். அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். மொட்டைக் கடிதம் செல்லாது. உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே இருக்கும் காகிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். கவர் மேல் இருக்கக் கூடாது. கவரை ஒட்டி, மேலே இது பொதுநலத் தகவல் புகார் என்று மட்டும் எழுத வேண்டும். பெயரை ரகசியமாக வைத்துக்கொள்வது ஆணையத்தின் பொறுப்பு.

அந்தத் தீர்மானம் 2004-ல் ஏன் வந்தது? சத்யேந்திர துபே என்று ஒரு இன்ஜினீயர். கான்பூர் ஐ.ஐ.டி-யில் சிவில் படித்தவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பீகார் பகுதியில் நடந்த தில்லுமுல்லுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். மொட்டைக் கடிதம் என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்பதற்காகத் தன்னைப் பற்றிய விவரத்தைத் தனித்தாளில் இணைத்தார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் அந்தத் தாளோடு சேர்ந்தே துறை துறையாகப் போனது. ஒரு வருடம் கழித்து, 2003 நவம்பர் 27 அதிகாலை, கயாவில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 30. 2010-ல் பாட்னா கோர்ட் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நடந்தது வழிப்பறியின்போது நடந்த கொலை என்று சி.பி.ஐ. சொன்னது. துபேயின் குடும்பம் அதை ஏற்கவில்லை.